சூட்டியைக் கூப்பிடும் சொல்

நவதுறவகம், நீர்கொழும்பு
2023 செப்டெம்பர் 12

அன்புள்ள அம்மாவுக்கு,

மூன்று கடிதம் போட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. ஒன்று தொலைந்தது என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றும் தொலைகிற அளவுக்கு நம்ம தோட்டத்துத் தபால் மோசமில்லை. நான் கன்னியர் மடத்துக்குப் போகிறேன் என்று சொன்ன அன்று நீங்கள் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்தினீர்கள். பஸ் ஏறும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. இந்த ஒரு வருடமும் எங்களுக்குப் போன் கிடையாது, கடிதம் மட்டும்தான். அதனால்தான் இப்படி நச்சரிக்கிறேன்.

என்னைப் பற்றிப் பேச வேண்டாம் என்றால் சரி. சூட்டி எப்படி இருக்கிறான் என்றாவது எழுதுங்கள். தோட்டத்துச் சின்னதொரை மாற்றலாகிப் போனபோது அவருடைய சிங்கள மனைவி, அந்த நோனா, அவனை என் கையில் கொடுத்துவிட்டு அழுதது நினைவிருக்கிறதா? பீகிள் வேட்டை நாய் ஜாதி, மூக்கு எங்கே இழுக்கிறதோ அங்கே போய்விடும், கவனம் என்று சொன்னார். ஆகவே காலையில் அவனை அவிழ்த்து விடாதீர்கள். நீளமான கயிற்றில் பிடித்துக்கொண்டு நடங்கள். காது தொங்கலாக இருப்பதால் உள்ளே ஈரம் தங்கும், அட்டையும் ஏறும். மழை நாளில் துணியால் துடைத்துவிடுங்கள்.

இன்னொன்று. வரும் மே 31 எனக்கு முதல் வார்த்தைப்பாடு, கன்னியராக வாக்குக் கொடுக்கும் நாள். அன்று பெற்றவர்கள்தான் பிள்ளையின் கையைப் பிடித்துக் கோயில் வாசலிலிருந்து பீடம்வரை கூட்டிப் போவார்கள். அப்பா இல்லை. நீங்கள்தான் வர வேண்டும், அம்மா. இப்போதே பதில் சொல்ல வேண்டாம்.

உங்கள்
ஸ்டெபானி


தெரணியகலை
2023 ஒக்டோபர் 3

மகள் ஸ்டெபானிக்கு,

நாயைக் கேட்டாய், நாயைப் பற்றி எழுதுகிறேன். வேறு ஒன்றும் கேட்காதே.

உன் நாய் உயிரோடுதான் இருக்கிறான். நன்றாகத் தின்கிறான். எனக்கு வைத்ததையும் தின்கிறான். போன கிழமை நம்ம லயத்து வரிசைக் கோகிலா தன் வீட்டுக் காம்பராக் கூரையில் காயப்போட்ட கருவாட்டை எப்படி எட்டினான் என்று இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை. நான் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனால் பின்னேரம் வரும்வரை ஊளை. சாதாரண நாய் மாதிரிக் குரைத்தாலும் பரவாயில்லை. இவன் கழுத்தை மேலே தூக்கி, வாயைக் குவித்து, இழுத்து இழுத்துப் பாடுகிறான். "அக்கா, லயமே எழவு வீடு மாதிரி இருக்குங்க" என்கிறாள் கோகிலா. அவளைக் குறை சொல்ல முடியாது.

காவலுக்காவது உதவுவான் என்று பார்த்தேன். திருட்டுத்தனமாக வாழைக்குலை வெட்ட வந்தவனுக்கு வாலை ஆட்டிக்கொண்டு பின்னால் போயிருக்கிறான். பக்கத்துக் காம்பரா முத்துவீரன் அண்ணன் சொல்கிறார்: "இதுக்குப் பேரு வேட்ட நாயா சூசம்மா? இது வேட்டையாடுறது ரொட்டிய மட்டுந்தான்."

உட்காரு என்றால் என் முகத்தைப் பார்க்கிறான். அந்த நோனா பழக்கிய மாதிரி "இந்தகன்ன" என்று சிங்களத்தில் சொன்னால் உடனே உட்காருகிறான். வா என்றால் மட்டும் எந்தப் பாஷையிலும் வருவதில்லை. கயிற்றில் பிடித்தால் இறக்கத்தில் என்னை இழுத்துக்கொண்டு ஓடுகிறான். ஐம்பத்து நாலு வயதில் எனக்கு இது தேவையா? காலையிலிருந்து மலையில் நின்றுவிட்டு வந்தால், நாய்க்கும் நான்தான் நடக்க வேண்டும். சலித்துப் போகிறது.

மற்ற விஷயத்துக்குப் பதில் இல்லை.

அம்மா


நவதுறவகம், நீர்கொழும்பு
2023 ஒக்டோபர் 22

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கையெழுத்தைக் கண்டதே போதும். கருவாட்டுக் கதையை வாசித்துச் சிரித்தேன். பொறுப்புச் சிஸ்டர் என்னவென்று கேட்டார். சொன்னேன், அவரும் சிரித்தார்.

சூட்டி கெட்ட பிள்ளை இல்லை அம்மா. அந்த ஜாதி நாய்களைக் கூட்டமாகத்தான் வளர்த்தார்கள். தனியே இருக்க அவற்றுக்குத் தெரியாது. அவன் ஊளையிடுவது உங்களைத் திட்ட அல்ல, எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்கத்தான். கடிக்கத் தெரியாது, காவல் தெரியாது. பிள்ளைக் காம்பராவில் நான் வேலை செய்தபோது குழந்தைகள் அவன் காதைப் பிடித்து இழுத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பான். மூக்கில் ஒரு வாசம் ஏறிவிட்டால் மட்டும் காது அடைத்துப்போகும். பிடிவாதம் என்று நினைத்து அடிக்க வேண்டாம். உண்மையாகவே அவனுக்கு அப்போது கேட்பதில்லை.

வா என்பதற்கு ஏதாவது ஒரு சொல்லை வைத்துக்கொள்ளுங்கள், எதுவானாலும் சரி. முதலில் காம்பராவுக்குள்ளேயே சொல்லுங்கள். வந்தால் உடனே ரொட்டியில் ஒரு சின்னத் துண்டு. பிறகு வாசலில், பிறகு கயிற்றோடு வெளியே. ஏச வேண்டியிருந்தாலோ கட்டிப்போட வேண்டியிருந்தாலோ அந்தச் சொல்லால் கூப்பிடாதீர்கள், நீங்களே போய்ப் பிடியுங்கள். அந்தச் சொல்லைக் கேட்டு வந்தால் நல்லதுதான் நடக்கும் என்று அவன் நம்ப வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். அவசரப்படாதீர்கள்.

நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் நம்புவீர்களோ தெரியாது. விடிய முன்னே மணி அடிக்கிறது, எழும்புகிறோம். இரவானால் உடம்பெல்லாம் நோகிறது. சில நாள் செபத்தில் தூங்கிவிடுகிறேன்.

ஸ்டெபானி


தெரணியகலை
2023 நவம்பர் 19

மகளுக்கு,

உன் நாயை நான் பழக்கிவிட்டேன். மாதக்கணக்கு ஒன்றும் தேவைப்படவில்லை.

இரண்டு கிழமைக்கு முன்னே ஒரு வியாழக்கிழமை கயிற்றை அறுத்துக்கொண்டு இறப்பர் மலைக்குள் ஓடிவிட்டான். பன்றியோ, உக்குளானோ, ஏதோ ஒரு காட்டு மிருகத்தின் வாசம். நானும் கூடையோடு பின்னால் ஓடுகிறேன். மழை வேறு. சூட்டி என்றேன், வாடா என்றேன், சாமி என்றேன், கடைசியில் உங்கப்பாவைக்கூடத் திட்டாத வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினேன். கீழே ஓடையோரம் அவன் குரல் போய்க்கொண்டே இருக்கிறது. எனக்கு மூச்சு முட்டி ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். களைப்பில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் ஒரு சத்தம் போட்டேன்: "டேய் சூட்டி, ஸ்டெபி வந்துட்டாடா!"

அடி அம்மாடி! வந்தான் பார். என்னைத் தாண்டி, என்னைத் திரும்பியும் பார்க்காமல், லயத்துக்கு ஓடினான். நான் போய்ச் சேர்ந்தபோது காம்பரா முழுக்கச் சேறு. அடுப்படி, கட்டில், கட்டிலுக்குக் கீழே, பின்வாசல் எல்லாம் தேடியிருக்கிறான். கதவைச் சாத்தினேன், பிடித்துக் கட்டினேன்.

அன்றிலிருந்து ஒரு தொல்லையும் இல்லை. எங்கே போனாலும் அந்த ஒரு சத்தம் போதும். கோகிலாவும் மற்றப் பெண்களும் மலையில் நின்றுகொண்டே கூவுகிறார்கள், தேயிலைக்கு நடுவே இரண்டு காது மட்டும் பறந்து வரும். கங்காணிக்கே சிரிப்பு. உன் ரொட்டித் துண்டு வித்தையெல்லாம் அந்த நோனாமாருக்குச் சரி.

அம்மா


நவதுறவகம், நீர்கொழும்பு
2023 டிசெம்பர் 8

அன்புள்ள அம்மாவுக்கு,

அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு நாள் எனக்கு எதிலும் மனம் ஓடவில்லை. அவன் கட்டிலுக்குக் கீழே தேடியதை ஏன் எழுதினீர்கள்?

தயவுசெய்து அதை நிறுத்துங்கள். நான் வருத்தப்படுகிறேன் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. சொல்லைக் கேட்டு வந்தவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அந்தச் சொல் தேய்ந்துபோகும். முதலில் ஓடி வருவான், பிறகு நடந்து வருவான், பிறகு வரவே மாட்டான். உண்மையாகவே ஆபத்து வருகிற நேரத்தில் உங்கள் கையில் சொல் இருக்காது. முத்துவீரன் மாமா மரவள்ளித் தோட்டத்தைச் சுற்றிப் பன்றிக்குச் சுருக்குக் கம்பி வைப்பார், அதை மறந்துவிட்டீர்களா? வேறு சொல் ஒன்றை இன்றே தொடங்குங்கள். மெதுவாகவே வரட்டும்.

நத்தாருக்கு வர எங்களுக்கு அனுமதி இல்லை. எதிர்பார்த்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். பாலனுக்குக் குடில் வைத்தால் சூட்டியை வைக்கோலுக்குப் பக்கத்தில் விடாதீர்கள், போன வருடம் இடையர் ஒருவரின் தலையைக் கடித்துவிட்டான்.

மே மாதத்துக்கு வரப் போகும் பெற்றோரின் பெயரைக் கேட்கிறார்கள். உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.

ஸ்டெபானி


தெரணியகலை
2024 ஜனவரி 14

மகளுக்கு,

என்னைக் கேட்காமல் பெயரைக் கொடுத்திருக்கிறாய். மடத்துக்குப் போவதையும் கேட்காமல்தான் முடிவு செய்தாய், ஆகவே இதில் புதுமை ஒன்றும் இல்லை.

நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். நத்தார் முடிந்த ஞாயிறு ரொபர்ட்டின் அம்மா வந்தாள். ரொபர்ட்டுக்கு உன்னைக் கேட்டு இரண்டு வருடம் முன்பு பேச்சு வந்ததே, அதே ஆட்கள்தான். கையில் வெற்றிலையும் ஒரு கேக்கும். "பிள்ள வந்துட்டதா மலையில எல்லாரும் கத்துறாங்கன்னு மேல் டிவிசன்ல சொன்னாங்க. மடம் ஒத்துக்கலன்னா வெக்கப்பட ஒன்னும் இல்லீங்க. எங்க பையன் இன்னும் கட்டாமத்தான் இருக்கான்" என்றாள்.

அது நாயைக் கூப்பிடுகிற சத்தம் என்று வாய்வரை வந்தது. ஆனால் "உள்ள வாங்க, தேத்தண்ணி ஊத்துறேன்" என்றேன். உனக்கு எந்தச் சேலை நிறம் பிடிக்கும் என்று கேட்டாள், சொன்னேன். அவள் தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை எனக்கு வீட்டில் ஒரு மகள் இருந்தாள். நீ கோயிலுக்குப் போயிருக்கிறாய், இப்போது வந்துவிடுவாய் என்று நானே கொஞ்சம் நம்பினேன். அவள் எழும்பிய பிறகுதான் உண்மையைச் சொன்னேன். கேக்கைத் திரும்பக் கொண்டுபோய்விட்டாள்.

லயத்தில் பேச்சு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். அதைப் பற்றிக் கவலை இல்லை. எனக்கு எதைப் பற்றியும் கவலைப்படத் தெம்பு இல்லை.

நீ சொன்னது சரிதான் போலிருக்கிறது. இப்போதெல்லாம் அவன் ஓடி வருவதில்லை. வந்தாலும் உள்ளே போய்த் தேடுவதில்லை. வாசலில் நின்று காற்றை மோந்து பார்க்கிறான், பிறகு என்னைப் பார்க்கிறான். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. ஆனால் வேறு சொல்லுக்கு அவன் வருவதும் இல்லை. நான் என்ன செய்ய?

அம்மா


நவதுறவகம், நீர்கொழும்பு
2024 பெப்ரவரி 6

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மேல் கோபப்படப் பார்த்தேன், முடியவில்லை. கவலைப்படத் தெம்பு இல்லை என்று நீங்கள் எழுதியது எனக்கும் பொருந்துகிறது. இங்கே என்னை யாரும் பிடித்து வைக்கவில்லை அம்மா. வாசல் கேட் பகலில் பூட்டுவதே இல்லை. பஸ் சத்தம் கேட்கிறது. போகலாம் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். மறுநாள் காலையில் மணி அடிக்கும்போது இருக்கத்தான் தோன்றுகிறது. ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ரொபர்ட்டை எனக்குப் பிடிக்காமல் இல்லை. இது அதைவிடப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே இனி யாரிடமும் நான் வந்துவிட்டேன் என்று சொல்லாதீர்கள். நாயிடமும் சொல்லாதீர்கள். நான் வரமாட்டேன்.

சூட்டியால் உங்களுக்குக் கஷ்டம் என்றால் கொடுத்துவிடலாம். அவிசாவளையில் எனக்குப் படிப்பித்த பிரதீபன் சேர் வீட்டில் இரண்டு பீகிள் இருக்கின்றன, மதிலும் இருக்கிறது. கேட்டால் வைத்துக்கொள்வார். கூட்டத்தோடு இருந்தால் அவனுக்கும் நல்லது. நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

மே மாதம் நீங்கள் வராவிட்டால் பொறுப்புச் சிஸ்டர் என் கையைப் பிடித்துக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறார். அப்படியும் செய்வார்களாம். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஸ்டெபானி


தெரணியகலை
2024 மார்ச் 17

ஸ்டெபி,

முதலில் சொல்லிவிடுகிறேன், சூட்டி உயிரோடு இருக்கிறான்.

எட்டு நாளைக்கு முன்னே, சனிக்கிழமை மத்தியானம். கொழுந்தை நிறுவைக்குக் கொடுத்துவிட்டு வந்து அவனை அவிழ்த்தேன், கயிற்றை நான்தான் கையிலிருந்து விட்டுவிட்டேன். கை மரத்துப் போயிருந்தது. மண்ணில் பன்றிக் கால் தடம் புதிதாக இருந்தது. மூக்கைக் கீழே வைத்தான், வால் நிமிர்ந்தது, அவ்வளவுதான், ஓடிவிட்டான். மரவள்ளிப் பக்கமாக. அங்கே கம்பி இருப்பது எனக்குத் தெரியும். உள்ள சத்தத்தையெல்லாம் சேர்த்துக் கத்தினேன், நீ வந்துவிட்டாய் என்று.

கேட்டான், ஸ்டெபி. அதுதான் எனக்கு ஆறவில்லை. மூக்கில் வாசம் ஏறினால் காது கேட்காது என்று நீ எழுதினாய், ஆனால் அவன் கேட்டான். நின்றான். திரும்பி என்னைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு திரும்பிப் போனான்.

கம்பி பின்னங்காலில் விழுந்திருந்தது. இழுக்க இழுக்க இறுகும் கம்பி. முத்துவீரன் அண்ணன்தான் குறடு கொண்டுவந்து வெட்டினார். இரண்டு தரம் குறடு அவர் கையிலிருந்து விழுந்தது. "எம்பிள்ளைய நானே கொன்னுட்டேனே சூசம்மா" என்று அழுதார். இத்தனை நாள் ரொட்டித் திருடன் என்று திட்டியவர். நான் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு த்ரீவீலில் தெரணியகலை டவுன் மிருக ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்து அவிசாவளைக்குப் போகச் சொன்னார்கள். அந்தப் பின்னங்காலையே வெட்டி எடுத்துவிட்டார் டொக்டர். வழி முழுக்க என் கையை நக்கிக்கொண்டே வந்தான். கடிக்கக்கூட இல்லை.

அவிசாவளையிலேயே பிரதீபன் சேரிடம் விட்டிருக்கலாம். விடவில்லை. என் மேல் நம்பிக்கை போய்விட்ட ஒருத்தனை அப்படியே இன்னொருவரிடம் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

உன் பழைய கடிதத்தை எடுத்து வாசித்தேன். காம்பராவுக்குள், பிறகு வாசல், பிறகு வெளியே. ரொட்டித் துண்டு. எழுதிய மாதிரியே தொடங்கியிருக்கிறேன்.

அம்மா


நவதுறவகம், நீர்கொழும்பு
2024 மார்ச் 31, உயிர்த்த ஞாயிறு

அம்மா,

கடிதம் பெரிய வியாழன் அன்று கிடைத்தது. சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, வேண்டுமானால் ஒரு நாள் வீட்டுக்குப் போய்வா, விசேஷமாக அனுமதி தருகிறேன் என்றார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. வரட்டுமா? உங்களையும் அவனையும் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. மூன்று காலோடு அவன் எப்படி நடக்கிறான் என்று நினைத்து நினைத்துத் தூக்கம் வருவதில்லை.

நீங்கள் வா என்று ஒரு வரி எழுதினால் போதும்.

ஸ்டெபி


தெரணியகலை
2024 மே 5

அன்பு மகளுக்கு,

பதில் பிந்திவிட்டது. எழுதிக் கிழித்தேன், மறுபடி எழுதினேன். வா என்று எழுதுவது எனக்கு எவ்வளவு சுலபம் என்று உனக்குத் தெரியும்.

வர வேண்டாம் ஸ்டெபி. நீ ஒரு நாளைக்கு வந்தால் அவன் கட்டிலுக்குக் கீழேயெல்லாம் உன்னை மோந்து வைத்துக்கொள்வான். மறுநாள் நீ போய்விடுவாய். நாங்கள் இரண்டு பேரும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவனுக்கு மூன்று கால்தான் இருக்கிறது. எனக்கும் அவ்வளவு தெம்பில்லை.

நடக்கிறான். முதல் இரண்டு கிழமை சுவரில் சாய்ந்து சாய்ந்து போனான். இப்போது முயல் மாதிரி ஒரு தாவல். முத்துவீரன் அண்ணன் கம்பியெல்லாம் கழற்றிவிட்டு, மரவள்ளியைச் சுற்றித் தகரம் கட்டியிருக்கிறார். பன்றி உள்ளே வந்து தின்றுவிட்டுப் போகிறது, ஆனாலும் அவர் மறுபடி கம்பியைத் தொடுவதில்லை. தினமும் ரொட்டியில் பாதி சூட்டிக்குத்தான்.

புதுச் சொல் என்ன என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பொய்யில்லாத சொல்லாக ஒன்று வேண்டும் என்று யோசித்தேன். என்னிடம் இருந்தது ஒன்றுதான். "அம்மா இருக்கேன்." அவ்வளவுதான். காம்பராவுக்குள் சொன்னேன், வந்தான், நான் இருந்தேன், ரொட்டி கொடுத்தேன். வாசலில் சொன்னேன். முதலில் என்னைப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டான். அவனைக் குற்றம் சொல்ல முடியுமா? விடாமல் சொன்னேன். நேற்று ஓடைப் பக்கம் ஏதோ வாசத்தில் மூக்கை வைத்து நின்றான். கயிறு என் கையில் இருந்தது, இழுக்கவில்லை. சொன்னேன். தலையைத் தூக்கினான், காதை ஆட்டினான், தாவித் தாவி என்னிடம் வந்தான். மலையில் நின்ற கோகிலா கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினாள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

மே 31 வருகிறேன். முதல் நாளே புறப்படுகிறேன், சூட்டி முத்துவீரன் அண்ணனோடு இருப்பான். அவருக்கும் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன், "நான் எப்புடி அம்மான்னு சொல்றது" என்று வெட்கப்படுகிறார். அவர் ரொட்டியை மட்டும் காட்டட்டும்.

எனக்கு உன் முடிவு இன்னும் பிடிக்கவில்லை. வருகிறேன் என்பதால் பிடித்துவிட்டது என்று நினைக்காதே. பஸ்ஸில் வரும்போதும் பிடிக்காமல்தான் வருவேன்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் உடனே பதில் போடு. கோயில் வாசலிலிருந்து உன் கையைப் பிடித்துக்கொண்டு வருவேன், சரி. எந்த இடத்தில் விட வேண்டும்? படிக்குக் கீழேயா, படியில் ஏறிய பிறகா? சிஸ்டரிடம் கேட்டுச் சரியாக எழுது. இடம் தெரியாவிட்டால் நான் விடமாட்டேன்.

அம்மா